காரணம் எழுதும் கட்டம்

பூமி சூடாகிறது, பனி உருகுகிறது, அதனால்தான் கடல் உங்கள் வீட்டுக்குள் வருகிறது என்று யாராவது வந்து சொன்னால் என் அண்ணன் சண்டைக்குப் போக மாட்டார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சொன்னவரின் கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டிப் போவார். தெற்கே காட்டுவார்.

"அந்தாண்ட கல்லு தெரிதா? அதுக்கு அப்பால போய்ப் பாரு, மணலு ரொம்பிக் கெடக்குது. அலையத் தொடணும்னா நடந்து நடந்து காலு கழண்டுபூடும். இந்தாண்ட எங்க வூட்டு வாசப்படியவே காணோம். ஐசு உருகித் தண்ணி ஏறுச்சுன்னா ரெண்டு பக்கமும்தான ஏறணும்? கடலு இன்னா ஆளு பாத்தா ஏறும்?"

வந்தவர்களில் பாதிப் பேருக்கு இதற்குப் பதில் தெரியாது. தெரிந்த மீதிப் பேர் பதிலைச் சொல்லாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விடுவார்கள். அண்ணன் திரும்பி வந்து, "ஜகா வாங்கிட்டான் மே" என்று என்னிடம் சொல்லிவிட்டு டீ கேட்பார்.

கடலுக்குள் நீட்டிக்கொண்டு போகும் கல்சுவர்களைத்தான் அவர் காட்டுவார். தெற்கிலிருந்து வரும் மணலை அவை தடுத்து நிறுத்திவிடுகின்றன; வடக்கே இருக்கும் எங்களுக்கு மணல் வருவதில்லை; வந்த அலை இருப்பதையும் அள்ளிக்கொண்டு போகிறது. இதைச் சொல்ல யாரும் படித்துப் பட்டம் வாங்க வேண்டியதில்லை. ராயபுரம் தொடங்கி எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் கரையில் பிறந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் சின்னவளாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு முன்னால் மூன்று வரிசை வீடுகள் இருந்தன. அதற்கும் முன்னால் படகு ஏற்றி வைக்கிற இடம், வலை காயப் போடுகிற இடம். ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் அண்ணன் வீடுதான் முதல் வரிசை என்று ஆனது. அப்பா விட்டுப் போன மனையில் முன்பாதி அண்ணனுக்கு, பின்பாதி எனக்கு. நடுவில் ஒரே சுவர். அவர் இருமினால் எனக்குக் கேட்கும். எனக்கு இழுப்பு வந்தால் அவருக்குக் கேட்கும்.

நான் அண்ணன் கட்சியும் இல்லை, அந்தக் கட்சியும் இல்லை. வெயில் முன்பு போல இல்லை என்பது எனக்கும் தெரியும். டோல்கேட் வரைக்கும் மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தவள் நான். அப்போது பதினொரு மணிக்குக் கூடத் தெருவில் நின்று பேரம் பேச முடிந்தது. இப்போது ஒன்பது மணிக்கே மண்டை பிளக்கிறது. பக்கத்தில் கிடைத்த மீன் எல்லாம் எங்கேயோ தூரமாகப் போய்விட்டது. அதனால் சூடு பொய், பனி பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் என் வீட்டுக் கூரைமேல் ஏறி நின்றால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் வரிசையாகத் தெரியும். கொடியில் போட்ட துணியை எடுத்து உதறினால் சாம்பல் பறக்கும். அந்தப் புகைபோக்கிக்கு அனுமதி கொடுத்த அதே கை இன்னொரு பக்கம் ஷாமியானா போட்டு, புகையினால் பூமி கெட்டுப்போகிறது, மீனவ மக்கள் விழிப்புணர்வோடு இருக்க வேண்டும் என்று எங்களுக்குத் துணிப்பை கொடுத்தால் வயிறு எரியுமா எரியாதா? நாடு ஒருநாள் நிலக்கரி எரிப்பதை விட்டுவிடுமாம். அது எந்த வருஷம் என்று சொன்னார்கள். அன்றைக்கு நான் இருக்க மாட்டேன். பழையதை மூடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் புதிதாக ஒன்று எழும்புவதை மட்டும் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனுடைய கோபம் வேறு. அது புரிய வேண்டுமானால் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் வலை போனால் இரண்டு வகை உண்டு. நீரோட்டத்தில் போனது, பாறையில் மாட்டிக் கிழிந்தது, புயலில் போனது எல்லாம் "கடலோட போச்சு." அதற்கு வழக்கு கிடையாது. யார்மேலும் யாரும் கைகாட்டக் கூடாது. வாயை மூடிக்கொண்டு அடுத்த வலைக்கு நூல் வாங்க வேண்டியதுதான். இன்னொருவன் படகு குறுக்கே ஓட்டி, அவன் இன்ஜின் விசிறியில் வலை அறுந்தால் அது வேறு. அறுந்த வலையைக் கொண்டுவந்து ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு முன்னால் பஞ்சாயத்தார் மத்தியில் போட வேண்டும். படகுக்காரனைக் கூப்பிட்டு, "இதுக்கு இன்னா சொல்ற?" என்று மூன்று முறை கேட்பார்கள். இல்லை என்றால் இல்லை என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யலாம். மூன்று முறையும் வாயைத் திறக்காமல் நின்றால் ஒத்துக்கொண்டான் என்று கணக்கு. ஊர் முன்னால் விழுந்து கும்பிட்டு, வலைக்கு வலை வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் ஆட்கள் எதற்கும் கத்துகிறவர்கள் என்று பஸ்ஸில் கண்டக்டர் கூடச் சொல்வார். கத்தாமல் என்ன செய்வது? எங்கள் ஊரில் சும்மா நின்றால் குற்றவாளி.

பெண்களுக்கு அந்தப் பஞ்சாயத்தில் உட்கார இடமில்லை. ஓரமாக நின்று கேட்கலாம். நான் நின்று கேட்டிருக்கிறேன். அண்ணன் பல வருஷம் அதில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னவர். அவர் காதில் "காலநிலை மாற்றம்" என்று விழுந்தபோது என்ன விழுந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கடலோட போச்சு என்றுதான் விழுந்தது.

"எல்லாரும் பொகை வுட்டாங்களாம், அதுல கெட்டுச்சாம். எல்லாரும்னா யாரு? நானும் நீயுமா? எல்லாரும்னு சொன்னா ஒருத்தனும் இல்லன்னு அர்த்தம். இவுங்க எதுக்கு இந்தக் கதய வுடுறாங்கன்னு எனக்குத் தெரியாதா? கல்லு போட்டவன் பேரு வெளிய வரக் கூடாது, அதுக்குத்தான் இந்த பீலா."

வீடு போவதைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு பேசவில்லை. அறுத்தவன் யார் என்று ஒருவர் வாயால் வர வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஒரு வருஷம் கணக்கெடுப்பு வந்தது. கடலோரத்தில் ஆபத்தில் இருக்கும் வீடுகளைக் குறிக்கிறோம் என்றார்கள். கல்லூரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். முதுகில் பை, தலையில் தொப்பி. தெருவில் பத்தாவது வரைக்கும் படித்து, எல்லாருக்கும் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான் என்பதால் என்னை அவளுக்கு உதவியாகச் சேர்த்துக்கொண்டார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டு, படிவத்தில் எழுத வேண்டும். நல்ல பெண். சும்மா சொல்லக் கூடாது, எங்கள் வீட்டு நெத்திலிக் குழம்பைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டாள். அண்ணன் அவளையும் கரைக்குக் கூட்டிப் போய்க் கல்லைக் காட்டினார். அவள் தொப்பியைச் சரிசெய்யவில்லை. நின்று முழுசாகக் கேட்டாள்.

"நீங்க சொல்றது சரிதான் ஐயா. உலகம் சூடாகறதும் உண்மை, கடல் மட்டம் ஏறறதும் உண்மை. ஆனா அது மெதுவா நடக்குது. இங்க இவ்வளவு வேகமா கரை போனதுக்குப் பெரிய காரணம் அந்தக் கல்தான்."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். படித்த வாயிலிருந்தே அதைக் கேட்டுவிட்டார்.

"அப்ப அத்தயே எழுதும்மா."

"எழுத இடம் இல்லைங்கய்யா."

படிவத்தை நீட்டிக் காட்டினாள். காரணம் என்று ஒரு கட்டம். அதில் மூன்று அச்சடித்திருந்தது: புயல், கடல் சீற்றம், காலநிலை மாற்றத்தால் கடல் மட்ட உயர்வு. ஒன்றைச் சுழிக்க வேண்டும். கல் என்று நான்காவது இல்லை. மற்றவை என்றுகூட இல்லை.

"யாரு அடிச்சாங்க இத்த?"

"எனக்கு மேல இருக்கறவங்க."

"அவங்களுக்கு மேல?"

அந்தப் பெண் குனிந்து படிவத்தைப் பார்த்தாள். பாவம், அவள் முகம் சிவந்துவிட்டது. அண்ணன் பேனாவை என் கையில் கொடுத்து, கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், 'தெற்கே போட்ட கல்' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டார். இரண்டு வாரம் கழித்து அவள் எனக்குப் போன் செய்தாள். ஓரத்தில் எழுதியதைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளவில்லையாம். கட்டம் காலியாக இருந்தால் படிவம் உள்ளே போகாதாம். அதனால் ஆபீசிலேயே மூன்றாவதைச் சுழித்துவிட்டார்களாம். "நான் சொல்லிப் பார்த்தேன் அக்கா" என்றாள். குரல் உடைந்திருந்தது. நான் அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆபீசுக்குப் போய் மேஜையைக் கவிழ்ப்பார் என்று பயம். அன்றைக்கு அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு கருத்துக் கேட்புக் கூட்டம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபம். நாற்காலிக்கெல்லாம் வெள்ளை உறை, பின்னால் ரிப்பன் முடிச்சு. மேடையில் ஐந்து அதிகாரிகள், திரையில் எங்கள் கரையின் படம், அதில் ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்குக் கடல் பக்கம் இருக்கும் வீடுகள் எதிர்காலத்தில் மூழ்கும் என்று ஒருவர் அழகான தமிழில் விளக்கினார். எங்கள் இரண்டு வீடும் கோட்டுக்கு அந்தப் பக்கம். ஏற்கெனவே மூழ்கிய மூன்று வரிசையைப் பற்றி அவர் பேசவில்லை.

அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கையில் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று. அவர் முறை வந்ததும் மேடை ஏறினார். மைக்கைப் பிடிக்கவில்லை. நேராக மேஜைக்குப் போய்த் துண்டைப் பிரித்து, ஒரு செங்கல்லை அதிகாரிகளுக்கு முன்னால் வைத்தார். எங்களுக்கு முன் வரிசையில் கடைசியாக விழுந்த வீட்டின் செங்கல். பாதி தேய்ந்து உப்புப் பூத்திருந்தது. ஓர் அதிகாரி தண்ணீர் பாட்டிலைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். ஒரு போலீஸ்காரர் ஓடி வந்தார். மண்டபத்தில் இருந்த மற்ற ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. அறுந்த வலையைப் போடுகிறார் என்று எங்களுக்குத் தெரியும்.

"இதுக்கு இன்னா சொல்றீங்க?" என்று கேட்டார்.

மேடையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தெக்க கல்லு போட்டதுலதான் எங்க கரை போச்சு. இதுக்கு இன்னா சொல்றீங்க?"

ஓரத்தில் இருந்தவர் குனிந்து எதையோ எழுதினார்.

"மூணாவது தபா கேக்குறேன். எங்க வூட்ட அறுத்தது யாரு? இன்னா சொல்றீங்க?"

நடுவில் இருந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். கொஞ்சம் பொறுத்து, பட்டியலில் அடுத்த பெயரை ஒருவர் வாசித்தார். அண்ணன் ஐந்து பேரையும் வரிசையாக ஒருமுறை பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினார். செங்கல்லை அங்கேயே விட்டுவிட்டார். தீர்ப்பு ஆன பிறகு அறுந்த வலையை எடுத்துக்கொண்டு போகக் கூடாது, அது வழக்கம்.

அவர் கல்யாணத்தன்று கூட அப்படி மலர்ந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"பாத்தியா மே? மூணு தபா கேட்டேன். ஒருத்தனும் வாயத் தொறக்கல."

எங்கள் தெரு ஆண்கள் எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். வாசலில் எல்லாருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தார். ஷேர் ஆட்டோவில் வரும் வழியெல்லாம், அந்த நடு ஆள் கடிகாரத்தைப் பார்த்த விதத்தைச் செய்து காட்டி, "எம்மூஞ்சியப் பாக்க முடியல அவனுக்கு" என்றார். கோயிலில் கற்பூரம் ஏற்றினார்கள். பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும் ஆள் அனுப்பிச் சொன்னார்கள். கவர்மெண்டு ஒத்துக்கினு கீது என்று அன்று சாயங்காலத்துக்குள் கரை முழுக்கப் பேச்சு.

எனக்குத் தெரியும். அந்த மண்டபத்தில் வாயைத் திறக்காததற்கு எந்த அர்த்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும். ரேஷன் கார்டுக்கும் விதவைப் பென்ஷனுக்கும் எத்தனை மேஜைக்கு முன்னால் நின்றிருக்கிறேன். எத்தனை பேர் என் முகத்துக்கு நேராக வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது விழுந்து கும்பிட்டாரா? கணக்கெடுப்பில் வேலை செய்தவள் என்பதால் கூட்டத்தின் அறிக்கை நகல் என் கைக்கு வந்தது. பொதுமக்களின் கருத்துகள் கேட்டறியப்பட்டன, ஆட்சேபணை ஏதும் பதிவாகவில்லை என்று இருந்தது. மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.

அண்ணனிடம் ஏன் சொல்லவில்லை என்று இப்போது யாரும் என்னைக் கேட்பதில்லை. நானே சொல்லிவிடுகிறேன். எனக்கு மூச்சு வேண்டியிருந்தது. அந்தச் சாம்பலில் ஒவ்வொரு மார்கழியும் செத்துச் செத்துப் பிழைத்தேன். பம்ப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த எனக்கு, மாற்று வீடு தருவார்கள் என்ற பேச்சு காதில் தேனாகப் பாய்ந்தது. எங்கே தந்தாலும் சரி. யார் கல் போட்டால் எனக்கென்ன, யார் புகை விட்டால் எனக்கென்ன.

அடுத்த மாதம் ஒப்புதல் படிவத்தோடு வந்தார்கள். இடத்தைக் காலி செய்கிறவர்களுக்கு அடுக்குமாடியில் வீடு. அண்ணனுக்கு இதில் சந்தேகமே வரவில்லை. ஒத்துக்கொண்டவன் கொடுத்துத்தானே ஆக வேண்டும்?

"வலைக்கு வலை. வூட்டுக்கு வூடு. சரியாத்தான் செய்றாங்க" என்றார். அதிகாரிகளைப் பற்றி அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்தது அன்றைக்குத்தான். அவருக்குக் கண்ணாடி போட்டால்கூட எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும். என்னிடம் நீட்டினார்.

"இன்னா போட்டுக்கீதுன்னு படி."

படித்தேன். கடல் அரிப்பால் பாதிக்கப்பட்டவர் என்று படித்தேன். மாற்றுக் குடியிருப்பு என்று படித்தேன். இடம் பிறகு குலுக்கலில் தெரிவிக்கப்படும் என்பதைப் படித்தேன். நடுவில் ஒரு வரி இருந்தது. காலநிலை மாற்றத்தின் காரணமாக ஏற்பட்டுள்ள இந்த இயற்கைப் பாதிப்புக்கு எந்தத் துறையும் நிறுவனமும் பொறுப்பல்ல என்பதை அறிந்து, சுயவிருப்பத்தின் பேரில் இடம்பெயரச் சம்மதிக்கிறேன் என்ற வரி. அதன்மேல் என் கட்டைவிரல் இருந்தது. விரலை நான் எடுக்கவில்லை.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் ண்ணா."

அண்ணன் கையெழுத்துப் போட்டார். அவர் போட்டதைப் பார்த்து, சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த இரண்டு வரிசை வீடுகளும் போட்டன. பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர் போட்ட பிறகு மற்றவர்கள் எதற்கு யோசிக்கிறார்கள்? முப்பத்தேழு குடும்பம். என் அண்ணனை நான்தான் ஏமாற்றினேன். அவர் வெறுத்த அந்த வார்த்தைக்குக் கீழே அவரே கையெழுத்துப் போடும்படி செய்தது நான்தான்.

குலுக்கலில் வந்த வீடு நகரத்தின் மறுகோடியில். பழைய ஊரிலிருந்து பேசின் பிரிட்ஜ் வரைக்கும் ரயில், அங்கிருந்து இரண்டு பஸ். ஏழாவது மாடி. லிஃப்ட் வேலை செய்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஜன்னலைத் திறந்தால் இன்னொரு கட்டடத்தின் ஜன்னல். அண்ணன் முதல் ஒரு மாதம் தினமும் படகுக்குப் போய்ப் பார்த்தார். இவர் போய்ச் சேர்வதற்குள் படகு மீனோடு திரும்பிக் கரையில் நிற்கும். அப்புறம் வாரத்துக்கு ஒருநாள் போனார். அப்புறம் தன் பங்கைக் கூட்டாளிக்கே விட்டுவிட்டார். எனக்கு இங்கே இழுப்பு குறைந்துவிட்டது. மூச்சு நன்றாக வருகிறது. அதைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றப் பழைய ஊருக்குப் போனோம். எங்கள் வீடு இருந்த இடத்தில் கருங்கல் லாரிகள் நின்றிருந்தன. கடல் வரும் என்று எங்களைக் கிளப்பிய இடத்திலிருந்து கடலுக்குள் புதிதாக ஒரு கல்சுவர் போய்க்கொண்டிருந்தது. ஏதோ கப்பல் அணைவதற்காம். ரோட்டோரம் பனங்கன்றுகள் நட்டு, கம்பி வேலி கட்டி, 'காலநிலை மாற்றத்தைத் தாங்கும் பசுமைக் கடற்கரை' என்று பலகை வைத்திருந்தார்கள். அண்ணன் லாரிக்காரரிடம் போய் ஏதோ கேட்டார். அவர் தெரியாது என்று கையை விரித்தார். அந்தக் கல்லுக்கு வடக்கே இருக்கும் ஊர்க்காரர்கள் எங்களோடு கூழ் வாங்கிக் குடித்தார்கள். அவர்களுக்கு இன்னும் நான்கைந்து வருஷம் இருக்கும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன் கேட்டார்.

"அவுங்கதான் ஒத்துக்கினாங்களே, மே. அப்பறம் எப்படித் திருப்பிக் கல்லு போடுவாங்க?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. படிவம், ஆபீசில் சுழித்தது, அறிக்கை, கட்டைவிரலுக்குக் கீழே இருந்த வரி, எல்லாவற்றையும் சொன்னேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டுக்கொண்டு குறுக்கே வந்தபோதுகூட நிறுத்தவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மூணு தபா கேட்டேனே. எல்லாரும் சும்மாதான குந்தினு இருந்தாங்க?"

"அங்க சும்மா குந்தினு இருந்தா ஒண்ணும் அர்த்தம் இல்ல ண்ணா."

"ஒண்ணுமே இல்லியா?"

"இல்ல."

அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் அழுதேன். அழுதால் மூச்சு இழுக்கும், ஆனாலும் அழுதேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தில் அவர்தான் என் பையை வாங்கிக்கொண்டு இறங்கினார். அன்றிலிருந்து கல்லைப் பற்றி அவர் பேசியதில்லை. டிவியில் வெள்ளம், புயல், மாநாடு என்று எது வந்தாலும் முன்பெல்லாம் திட்டுவார். இப்போது பார்க்கிறார். அவர் திட்டினால் தேவலை என்று எனக்கு இருந்தது. அண்ணி அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ரத்தம் எடுத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

போன வாரம் மறுபடியும் ஒரு கணக்கெடுப்பு. வேறு பெண், கையில் டேப்லெட். இடம்பெயர்ந்து வந்தவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார்களாம். அண்ணன் வராண்டாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பெயர், வயது, எந்த ஊர், என்ன தொழில் செய்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார்.

"சொந்த ஊரை விட்டு வந்ததுக்குக் காரணம் என்னங்கய்யா?"

கீரையை விட்டுவிட்டு நான் நிமிர்ந்தேன். வரட்டும், இந்தப் பிள்ளையாவது கேட்கட்டும், கல்லு கல்லு என்று கத்தட்டும் என்று காத்திருந்தேன்.

"காலநிலை மாற்றம்" என்றார் அண்ணன். எங்கள் பேச்சில் இல்லை. படிவத்தில் இருந்த தமிழில், ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னார்.

அந்தப் பெண்ணுக்குச் சந்தோஷம். டேப்லெட்டில் தட்டினாள்.

"வேற ஏதாவது காரணம், யாராவது பொறுப்புன்னு நினைக்கறீங்களா ஐயா? இதுல எழுதறதுக்கு இடம் இருக்கு."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. எதிர்க் கட்டடத்து ஜன்னலில் யாரோ துணி காயப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் இல்லம்மா."